காலையில் கிளம்பாத வண்டியும் ஃபில்டர் பெட்டியில் நிற்கும் ஆயிலும்

உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ விவசாயிகள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கிளம்புவது விடியற்காலை மூன்றரை மணிக்கு. மூட்டையைக் கட்டி பைக்கில் ஏற்றியாகிவிட்டது, வண்டி எடுக்கவில்லை என்றால் அன்றைய விலை போயிற்று. மல்லிகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. செக்கானூரணிச் சாலையில் இருக்கும் என் பட்டறைக்கு வேர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "காலையில் எடுக்கவே மாட்டேன் என்கிறது" என்பது ஒன்று. "ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் நிற்கிறது, போர் போய்விட்டதாம்" என்பது மற்றது. போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர். இரண்டையும் இரண்டு நோயாக எண்ணி, இரண்டு இடத்தில் காசைக் கொட்டிவிட்டு மூன்றாவதாக இங்கே வருகிறார்கள். அவற்றில் பல வண்டிகளுக்கு நோய் ஒன்றுதான். எப்படி என்பதைப் பெட்டியைத் திறக்கும் இடத்தில் சொல்கிறேன்.

உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசில்லாமல் முடியும் சோதனை முதலிலும் பையைக் கரைப்பது கடைசியிலும் வரும். கையில் வேண்டியவை பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தமான வெள்ளைத் துணி, வாயகன்ற கண்ணாடிப் பாட்டில், சாதாரண மல்டிமீட்டர்.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிறது. சோக் (குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்கும் நெம்பு), பெட்ரோல் காக் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு), அடிக் கிண்ணம் என்று கீழே வரும் பேச்சு கார்புரேட்டர் வண்டிகளுக்கானது. இன்ஜெக்டர் வண்டிக்கு வேறு வழி என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

## உதைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

கைப்பிடியில் இருக்கும், என்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டிய நேரமா? நியூட்ரல் விளக்கு எரிகிறதா? புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் என்ஜின் அணைந்துவிடும். அந்த சென்சாரில் சேறு ஒட்டினாலும் அதே கதைதான்.

சிரிக்க வேண்டாம். திருமங்கலத்திலிருந்து சரக்கு ஆட்டோவில் ஏற்றி வந்த வண்டி ஒன்றை நான் கில் சுவிட்சைத் தட்டிக் கிளப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டோ வாடகைக்கு இரண்டு பிளக் வாங்கியிருக்கலாம். பையன் எங்கேயோ பூட்டாமல் நிறுத்திய இடத்தில் யாரோ விளையாட்டாகத் தட்டியிருக்கிறார்கள்.

## செல்ஃபை அழுத்தினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்கிறது

'டிக்' என்று கேட்டால் ரிலே வேலை செய்கிறது; மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் போகவில்லை. பத்துக்கு எட்டு முறை பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

அதற்கும் மசியவில்லை என்றால் மல்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2க்குக் கீழே என்றால் பாதிச் சார்ஜ்கூட இல்லை. செல்ஃபை அழுத்தியபடி பார்க்கும்போது 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி ஓய்வு கேட்கிறது. ஆனால் புது பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் இன்னொரு அளவையும் எடுத்துவிடுங்கள். வண்டியை எப்படியாவது கிளப்பி, ஆக்ஸிலேட்டரை அரைகுறையாகத் திருகிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12க்குப் பக்கத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் நீங்கள் வாங்கும் புது பேட்டரியும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும்.

சத்தமே இல்லை என்றால் பியூஸ், கிளட்ச் சுவிட்ச், செல்ஃப் பொத்தான் என்ற வரிசையில் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்து, ரிலேயும் 'டிக்' என்று அடித்து, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இங்கிருந்து எலக்ட்ரீஷியன் வேலை.

கிக்கர் இல்லாத இன்ஜெக்டர் வண்டியைத் தள்ளி எடுக்க முயல்கிறவர்களுக்கு ஒரு சொல். பேட்டரி அடியோடு செத்திருந்தால் பெட்ரோல் பம்ப் ஓடாது. அரை கிலோமீட்டர் தள்ளினாலும் உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

## சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். யார் சொல்வதையும் கேட்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதி விடுங்கள், உள்ளே விழுந்தால் போர் கீறும். கழற்றிய பிளக்கை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். துணியில் கறை படாமல் பிளக் காய்ந்திருக்கிறதா, பெட்ரோல் ஈரமா, வழவழவென்று ஆயில் கறையா? ஆயில் கறை என்றால் நேரே ஃபில்டர் பெட்டித் தலைப்புக்குப் போய்விடுங்கள். மற்ற இரண்டுக்கும் முதலில் பொறியைப் பார்த்தாக வேண்டும்.

### பொறி வருகிறதா?

பிளக்கை அதன் ஒயர் நுனியில் இருக்கும் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பு என்ஜினின் வெற்று உலோகத்தை நன்றாகத் தொடும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி சீறும், பொறி பட்டால் புருவம் போய்விடும். உலோகத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைப்பதும் தவறு, பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றும் காயிலும், அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யும் கெட வழியுண்டு.

நீலம் கலந்த வெள்ளைப் பொறி 'சட்சட்' என்று அடித்தால் நல்லது. மெலிந்த ஆரஞ்சு நிறப் பொறி கணக்கில் சேராது. பொறி இல்லையென்றால் முதலில் வேறொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வீட்டில் இல்லையென்றால் அடுத்த வீட்டு வண்டியில் இருக்கும். அடுத்தது தொப்பி. அதைக் கழற்றி, காயில் ஒயரின் நுனியில் அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திருகி மாட்டினாலே உயிர் வந்த வண்டிகள் உண்டு. பிறகு எர்த் ஒயர், கில் சுவிட்ச் ஒயர். இத்தனைக்கும் வரவில்லையென்றால் காயில், பொறி அடிக்கும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில், சி.டி.ஐ. ஆகிய மூன்றில் ஒன்று. ஊகத்தில் மூன்றையும் வாங்காதீர்கள். அளந்து பார்க்கத் தெரிந்த ஆளிடம் விடுங்கள். மின்சாதனத்தை எந்தக் கடையும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

### பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது

பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் டேங்க் மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்போதும் இல்லையென்றால் காக்கின் வலையில் குப்பை.

வந்ததைப் பாட்டிலில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு பிரிந்து நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனால் கொஞ்சம் ஈரத்தைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்காக வெளியில் நின்ற வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். டேங்கை முழுதாக வடித்துக் காயவிடுவது தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

இன்ஜெக்டர் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேங்கிற்குள் இரண்டு மூன்று நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் பியூஸைப் பாருங்கள், பேட்டரியைப் பாருங்கள். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

### பொறி இருக்கிறது, பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது

வெள்ளக்காடாகிவிட்டது. பெட்ரோல் காக்கை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து ஏழெட்டு முறை உதையுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, காக்கைத் திறந்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரு உதை. பெரும்பாலும் கிளம்பிவிடும்.

கிளம்பியதும் 'சரியாகிவிட்டது' என்று போய்விடுகிறார்கள். ஏன் நனைந்தது என்று கேட்பதில்லை. சோக் போட்டு நீங்களே பத்து முறை உதைத்து நனைத்திருந்தால் சரி. எதுவும் செய்யாமலே, விடிந்து முதல் உதையிலேயே பிளக் நனைந்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் கசிந்திருக்கிறது. கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழுந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி முனை தேய்ந்தாலோ அதன் இருக்கையில் மண் துகள் உட்கார்ந்தாலோ வழி அடைபடாது. ஓவர்ஃப்ளோ குழாய் திறந்திருந்தால் பெட்ரோல் தரையில் சொட்டி, வாசனையில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அது அடைத்திருந்தால் பெட்ரோல் என்ஜின் பக்கம் போகும். அதுதான் ஆபத்து.

சோதிப்பதற்குக் காசே வேண்டாம். மூன்று இரவுகள் வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் காக்கை மூடிவிடுங்கள். மூன்று காலையும் ஒழுங்காகக் கிளம்பினால் குற்றவாளி ஊசிதான். கழற்றிக் கழுவி, ஊசியை மாற்றி, ஓவர்ஃப்ளோ குழாயைக் குத்தி விட்டால் போதும். செய்துவிட்டு அப்படியே ஆயிலையும் பார்க்க வேண்டும், ஏனென்று கீழே.

## குளிர்ந்திருக்கும்போது கிளம்புகிறது, சூடானபின் நிறுத்தினால் கிளம்பவில்லை

பெட்ரோல் போட நிறுத்தினேன், டீ குடிக்க நிறுத்தினேன், திரும்பி வந்தால் எடுக்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் தினமும் ஒருவராவது இதைச் சொல்லிக்கொண்டு வருவார். முதலில் டேங்க் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு வண்டியும் கிளம்பினால் மூடியின் துளையை ஊசியால் குத்திவிடுவதோடு கதை முடிந்தது.

அது இல்லையென்றால், எடுக்காமல் நிற்கும் அந்த நேரத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறியபின் பார்த்துப் பயனில்லை. சூட்டில் பொறி போய் ஆறியதும் திரும்ப வந்தால் காயிலோ பல்சர் காயிலோ உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

பொறி நன்றாகவே இருந்தால் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் பொத்தென்று விழுகிறதா? டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் சின்ன இடம், இறுகியிருக்கும். வால்வு தன் இருக்கையில் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே போகும். சூட்டில் வால்வு நீண்டதும் முழுதாக மூடாது, அழுத்தம் ஒழுகிவிடும். டேப்பெட் சத்தம் வராத வண்டி நல்ல வண்டி என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. அதற்காகவே இறுக்கிக் கொடுக்கிற பட்டறைகளும் உண்டு. மெல்லிய 'டிக்டிக்' சத்தம் கெடுதல் அல்ல. இடைவெளியை என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, அந்த வண்டிக்குரிய கையேட்டில் சொன்ன அளவில், ஃபில்லர் கேஜ் தகட்டை விட்டு வைக்க வேண்டும். காதால் கேட்டு வைப்பது கூடாது.

## சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது

என்ஜின் சும்மா ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழல் வெடித்துக் காற்றை இழுக்கிறது. என்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓசை மாறினால் அங்கேதான் ஓட்டை. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும்.

கொடைக்கானலில் வண்டி திணறுகிறது என்று மேலேயே கார்புரேட்டரின் கலவைத் திருகைத் திருப்பிவிட்டு இறங்கி வருகிறவர்களுக்கும் இதே அறிகுறிதான் வரும். அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது. வத்தலக்குண்டு வந்ததும் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

## மழைக்குப் பிறகு கிளம்பவில்லை

மழையில் நனைந்தது மட்டும்தான் என்றால் பிளக் தொப்பியைக் கழற்றித் துடைத்து, சுவிட்சுகளைக் காயவிட்டால் போதும்.

தேங்கிய தண்ணீரில் முங்கிய வண்டி என்றால் கதை வேறு. வைகையில் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை மூடிய நாளிலும், ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாளிலும் துணிந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் நின்றுபோனால் மறுபடி செல்ஃபை அழுத்தவே அழுத்தாதீர்கள். தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேல் அது இருக்கும்போது சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலைப் பாருங்கள். காப்பியில் பால் விட்ட நிறத்தில் இருந்தால் என்ஜினை ஓட்டக் கூடாது. ஆயிலை மாற்றி, சில நிமிடம் ஓட்டி, இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

## ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில்

பெட்டியைத் திறந்ததும் பயப்பட வேண்டாம். சில வண்டிகளின் காகித ஃபில்டரைக் கம்பெனியிலேயே ஒட்டும் ஆயிலில் தோய்த்துத்தான் அனுப்புகிறார்கள், தூசி ஒட்டிக்கொள்வதற்காக. தொட்டால் பிசுபிசுக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்துக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர். அது மாற்ற வேண்டிய பொருள், கழுவ வேண்டியதல்ல. பஞ்சு ஃபில்டர் என்றால் கழுவிப் பிழிந்து ஆயில் தடவ வேண்டும். பிழியாமல் மாட்டினால் அந்த ஆயிலே பெட்டியின் அடியில் வந்து நிற்கும். சோழவந்தான், மேலூர்ப் பக்கத்து வண்டிகளில் ஆயிலுக்குப் பதில் நெல் உமியும் எலிக்குட்டியும் கிடைத்ததுண்டு. அதுவும் ஸ்டார்ட் ஆகாததற்கு ஒரு காரணம்தான்.

என்ஜினின் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இந்தப் பெட்டிக்கு வருகிறது, பிரீதர் என்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியில் சேரும் காற்று இதன் வழியாக வெளியேறும், கொஞ்சம் ஆயில் ஆவியோடு. ஆகவே பெட்டியில் லேசான ஆயில் பூச்சு இருப்பதும், பெட்டிக்கு அடியில் மூடி போட்டுத் தொங்கும் சின்னக் குழாயில் கறுப்பாகக் கொஞ்சம் சேர்வதும் இயல்பு. மழையில் ஓட்டினாலும், முழு வேகத்தில் ஓட்டினாலும், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலும் இது கூடும். அந்த மூடியைத் திறந்து வடித்துவிட்டு மாட்டுவதோடு சரி. ஒவ்வொரு சர்வீஸிலும் செய்ய வேண்டிய இந்த வேலையை அநேகமாக யாரும் செய்வதில்லை.

ஃபில்டரே நனைந்து சொட்டினால்தான் நோய். அப்போது வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி ஆயில் அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுக்க வேண்டும், சிலவற்றில் திருகி எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு பொய் சொல்லும்.

### அளவு மேல் கோட்டுக்கு மேலே, பெட்ரோல் வாசனை இல்லை

ஆயில் மாற்றியபோது அதிகமாக ஊற்றிவிட்டார்கள். 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு வடித்தபின் ஊற்ற வேண்டியது ஒரு லிட்டருக்கும் குறைவு. பாட்டிலில் மிச்சம் வைத்தால் வாடிக்கையாளர் 'மீதி ஆயிலைத் திருடிவிட்டான்' என்று நினைப்பாரே என்று பயந்து முழுவதையும் கவிழ்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் கவிழ்த்தவன்தான். மிகுந்த ஆயிலைச் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கிப் பிரீதர் வழியே தள்ளிவிடும். அதிகப்படியை வடித்து, பெட்டியைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டியபின் திறந்து பாருங்கள். உலர்ந்திருந்தால் முடிந்தது.

### அளவு மேலே, குச்சியில் பெட்ரோல் வாசனை

எழுமலையிலிருந்து பூ கொண்டுவருகிற அண்ணன் ஒருவர், மாதத்துக்கு இரண்டு முறை ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பட்டறையில் போர் வேலைக்கு விலை பேசிவிட்டு வந்திருந்தார். "தம்பி, புகையே வரவில்லை, ஆனால் ஆயில் மட்டும் ஊற்றாய்ச் சுரக்கிறது" என்றார். சொன்னதிலேயே விடை இருந்தது. நான் ஆயில் ஊற்றவே இல்லை என்றும் சொன்னார். ஊற்றாமல் ஆயில் எப்படி அண்ணே கூடும்?

குச்சியை எடுத்தேன். மேல் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி விரல் இடுக்கில் இறங்கி மணிக்கட்டு வரை ஓடியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், பெட்ரோல் பங்க் வாசனை. அவரிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் பெட்ரோல் காக்கைக் குனிந்து பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அதை மூடியதே இல்லையாம்.

ஊசி அடைக்காததால் இரவில் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியது. அதனால் காலையில் பிளக் நனைந்து வண்டி எடுக்கவில்லை. அதே பெட்ரோல் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே கசிந்து ஆயிலில் கலந்தது, அளவு ஏறியது, நீர்த்தது, பிரீதர் வழியே பெட்டிக்கு வந்தது. நனைந்த ஃபில்டர் காற்றை விடவில்லை. காற்று குறைந்தால் பெட்ரோல் மிகுந்து, மறுநாள் பிளக் இன்னும் நனைகிறது. சுற்றிச் சுற்றி வந்த இந்த வட்டத்தை ஒரு மிதவை ஊசியும் ஓர் ஆயில் மாற்றமும் அறுத்துவிட்டன.

இப்படி வாசனை வந்தால் அந்த ஆயிலோடு அடுத்த தெருவுக்குக்கூட ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் கிராங்க் பேரிங் தேயும். வயிற்றுக்குள் பெட்ரோல் ஆவி நிற்பதால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. முதலில் ஊசி, பிறகு ஆயில், கடைசியில் ஃபில்டர். வரிசை மாறினால் புது ஆயிலும் ஒரே இரவில் பாழ்.

### அளவு சரி, ஆனால் பால் கலந்த நிறம்

குழாயில் மட்டும் கொஞ்சம் வெளிர்நுரை என்றால் வண்டி குறைந்த தூரம் மட்டுமே ஓடி, சூடேறாமல் நிற்கிறது. வாரத்துக்கு ஒருமுறை திருமங்கலம் வரை போய் வாருங்கள். குச்சியிலும் அதே நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மழைத் தலைப்பைப் பாருங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் உடனே பட்டறை.

### அளவு குறைந்துகொண்டே போகிறது, பெட்டியும் நனைகிறது

இப்போதுதான் போர் பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் பிரீதர் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். பிறகு புகையைப் பாருங்கள். காலையில் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் வந்தால் ரிங்.

கம்ப்ரஷன் கேஜ் உள்ள பட்டறையில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அளந்தபின் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ஆயில் ரிங்கின் ஓட்டையை அடைத்திருக்கிறது, ரிங்கோ போரோ தேய்ந்தது உறுதி. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்குப் போரைக் கழற்றுவது வீண். இந்தச் சோதனை செய்யாமல் "போர் போயிற்று" என்று எட்ட நின்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

போர் வேலை என்று உறுதியானால் அது வீட்டில் செய்வதல்ல. சிலிண்டரை லேத்தில் அளந்து, தேய்மானத்துக்கு ஏற்ப 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்குக் கடைவார்கள். அளந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உட்புறம் கடினப் பூச்சு போட்ட சிலிண்டரைக் கடைந்தால் பூச்சு போய்விடும். அதை பிஸ்டனோடு செட்டாக மாற்ற வேண்டியதுதான், ஆகவே லேத்துக்குக் கொண்டுபோகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து வந்த வண்டியிலும் புது ரிங் போரில் பதியும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டரில் பெட்டிக்குள் கொஞ்சம் ஆயில் வரும். அதற்காகப் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாவது ஆயில் மாற்றத்துக்குப் பிறகும் ஃபில்டர் நனைந்தால், எழுதி வாங்கிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.